மூலை எப்படிப் பிறக்கிறது: தாளை மடித்தும் இழைத்தும் திண்மங்கள் செய்தல்

தரம் 8 மாணவர்களைக் கொண்டு கணிதக் கண்காட்சிக்குத் திண்மங்கள் செய்யவிருப்பதாகவும், வலை வரைந்து வெட்டி ஒட்டிய சதுரமுகியும் பன்னிருமுகியும் இரண்டாம் நாளே விளிம்பு பிளந்துவிடுவதாகவும், பசையே தொடாமல் மடித்தோ பின்னியோ செய்வதற்கு வழி உண்டா, உண்டென்றால் எதிலிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. மடிப்பதைவிட இழைப்பதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம்; அதிலும் சதுரமுகியை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, நான்கு நாடாக்களால் இழைக்கும் ஒரு சிறு பந்தை முதலில் செய்விக்க வேண்டும். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் விளங்கிவிட்டால் மற்றத் திண்மங்களைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

ஒட்டிய திண்மங்கள் ஏன் பிளக்கின்றன என்பதை நானும் அவமானப்பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மாரி காலத்தில், நான் படிப்பித்த பாடசாலையின் கண்காட்சியில் பிறிஸ்டல் போட்டில் வெட்டி ஒட்டிய பெரிய இருபதுமுகி ஒன்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தோம். மழை ஈரத்தைக் குடித்த போட் நெளிந்தது. பசை பூசிய ஒடுக்கமான காதுகள் ஒவ்வொன்றாக விட்டன. விருந்தினர் உள்ளே வரும் நேரத்தில் அது வாழைப்பழத்தோல் போல உரிந்து தொங்கியது. தாள் ஈரத்தில் விரிவதும் காயும்போது சுருங்குவதும் இயல்பு. ஒட்டிய விளிம்பில் அந்த அசைவு முழுவதையும் ஒரு மெல்லிய பசைக்கோடு தாங்க வேண்டியிருக்கிறது. இழைத்த உருவிலோ நாடாக்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கி இடம் மாற்றிக்கொள்கின்றன. பிடி எந்த ஓர் இடத்திலும் இல்லாமல் எல்லாக் குறுக்கீடுகளிலும் பரவியிருக்கிறது. பனையோலையில் இழைத்த கடகப் பெட்டி நனைந்து காய்ந்து, நெல்லும் ஒடியலும் சுமந்து, ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்கு இதுதான் காரணம்.

கடகத்தைச் சும்மா உவமைக்காக இழுக்கவில்லை. என் அப்பாச்சி சார்வோலை வார்ந்து பெட்டி இழைக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் அவர் இழைப்பது வெறும் பாய்தான். தரையில் தட்டையாகக் கிடக்கும். பிறகு ஒரு பக்கத்தின் நடுவிலே, இடப்புறம் சாய்ந்து போகும் ஓலையையும் வலப்புறம் சாய்ந்து போகும் ஓலையையும் எடுத்து, இடையில் இருக்க வேண்டிய பகுதியை இல்லாமற் செய்து, அவ்விரண்டையும் நேராகவே ஒன்றன்மேல் ஒன்று போட்டு இறுக்குவார். அந்தக் கணத்தில் பாய் தரையை விட்டு எழும்பும். அவர் எதையும் வளைக்கவில்லை, மடிக்கவில்லை. நான்கு கால்வட்டங்கள் சந்திக்க வேண்டிய புள்ளியில் மூன்றை மட்டும் சந்திக்க வைத்தார், அவ்வளவுதான். அந்தப் புள்ளிதான் பெட்டியின் மூலை. 360 பாகை இருக்க வேண்டிய இடத்தில் 270 பாகை இருக்கிறது; குறைந்த 90 பாகைக்காகத் தளம் எழும்பியாக வேண்டும். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியிலும் இதே வேலைதான் நடக்கிறது, ஆனால் அங்கே குறைவு முழுவதும் ஒரே நுனியில் சேர்ந்துவிடுவதால் கூம்பு கிடைக்கிறது.

இந்தக் குறைவைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரமுகிக்கு எட்டு மூலைகள், ஒவ்வொன்றிலும் 90 பாகை குறைவு, மொத்தம் 720. நான்முகியின் ஓர் உச்சியில் மூன்று சமபக்க முக்கோணிகள் சந்திக்கின்றன. 180 பாகைதான் இருக்கிறது, 180 குறைவு. நான்கு உச்சிகளுக்கு 720. எண்முகிக்கு 120 வீதம் ஆறு. இருபதுமுகிக்கு 60 வீதம் பன்னிரண்டு. பன்னிருமுகியின் உச்சியில் மூன்று 108 பாகைகள் சேர்ந்து 324 ஆவதால் 36 குறைவு, உச்சிகள் இருபது. எல்லாம் 720. பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணிதர் டேக்கார்ட் கண்ட உண்மை இது. உச்சி, விளிம்பு, முகம் ஆகியவற்றை இணைக்கும் ஒயிலரின் தொடர்பை நீங்கள் படிப்பிக்கும்போது அதனுடன் இதையும் சேர்க்கலாம், ஏனெனில் இரண்டும் ஒரே செய்தியை இரு வழியாகச் சொல்பவை. நேராக எழும் பக்கங்களைக் கொண்ட திறந்த பெட்டிக்கு அடியில் நான்கு மூலைகள், அதாவது 360 பாகை. மற்ற 360 பாகையும் மூடியில் இருக்கிறது. மூடியுள்ள ஓலைப்பெட்டி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட அது சுருக்கமாக விளக்கிவிடும்.

இனிப் பந்து. பாயைப் போல இரண்டு திசைகளில் மட்டும் இழைக்காமல் மூன்று திசைகளில் நாடாக்களை ஓடவிட்டால் அறுகோணக் கண்கள், அதாவது துளைகள், விழும். மூங்கிற் கூடைகளில் இந்தக் கண்ணைப் பார்த்திருப்பீர்கள். எல்லாக் கண்ணும் அறுகோணமாக இருக்கும்வரை இழைப்பு தட்டையாகவே கிடக்கும். ஒரு கண்ணை மட்டும் ஆறு நாடாக்களுக்குப் பதில் ஐந்தால் சூழ்ந்தால் 60 பாகை குறையும், இழைப்பு குவியும். நான்கால் சூழ்ந்தால் 120 குறையும், மூன்றால் சூழ்ந்தால் 180. ஆகவே மூடிய பந்து வேண்டுமானால் ஐங்கோணக் கண் பன்னிரண்டு, அல்லது சதுரக் கண் ஆறு, அல்லது முக்கோணக் கண் நான்கு வேண்டும். சதுரக் கண் ஆறு வைத்தால் நான்கு நாடாக்கள் போதும். ஐங்கோணக் கண் பன்னிரண்டு வைத்தால் ஆறு நாடாக்கள் வேண்டும். தென்கிழக்காசியாவில் காலால் ஆடும் செப்பாக் தக்ரோ விளையாட்டின் பிரம்புப் பந்து இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

நான்கு நாடாப் பந்துக்கு ஒரு ஏ4 தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் 21 செ.மீ.; அந்தத் திசையில் நீளம் வரும்படி 1.7 செ.மீ. அகலமான நாடாக்களை வெட்டுங்கள். ஒரு தாளில் பதினேழு நாடாக்கள் கிடைக்கும், அதாவது நான்கு பந்துகள் செய்து ஒன்று மீதி. ஒவ்வொரு நாடாவிலும் 3 செ.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். 21ஐ 3ஆல் வகுத்தால் ஏழு துண்டுகள், ஆகவே உள்ளே ஆறு புள்ளிகள்; 1 முதல் 6 வரை இலக்கமிடுங்கள். ஒவ்வொரு நாடாவும் மற்ற மூன்றையும் இரண்டிரண்டு முறை கடக்கும். அந்த ஆறு கடவைகளின் இடங்களே இப்புள்ளிகள். நான்கு நாடாக்களின் 3ஆம், 4ஆம் புள்ளிகளைக் கொண்டு மேசையில் ஒரு சதுரக் கண்ணை அமையுங்கள். ஒவ்வொரு நாடாவும் ஒரு முனையில் மேலாகவும் மறுமுனையில் கீழாகவும் போகட்டும். நான்கு மூலைக்கும் கிளிப் போடுங்கள். அடுத்து, சதுரத்தில் எதிரெதிராகக் கிடக்கும் நாடாக்களின் 2ஆம், 5ஆம் புள்ளிகளை ஒன்றின்மேல் ஒன்று கொண்டுவாருங்கள். மேல் கீழ் முறை மாறக்கூடாது. இங்கே இழைப்பு கிண்ணமாகக் குவிந்துவிடும். கடைசியில் 1ஆம், 6ஆம் புள்ளிகள் கீழே இன்னொரு சதுரத்தை ஆக்கும். ஒவ்வொரு நாடாவின் இரு நுனித் துண்டுகளும் அந்தச் சதுரத்தின் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒளிந்துகொள்ளும். கிளிப்புகளைக் கழற்றினால் ஏறத்தாழ 5.7 செ.மீ. விட்டமுள்ள பந்து கையில் நிற்கும். வெசாக் காலத்தில் ஆறு சதுரச் சட்டங்களை மூலைக்கு மூலை கட்டிச் செய்யும் விளக்குக் கூட்டின் உருவும் இதுவே: சதுரம் ஆறு, முக்கோணி எட்டு, உச்சி பன்னிரண்டு.

அகலம் ஏன் 1.7 என்று ஒரு பிள்ளையாவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கண்களுக்கிடையில் விழும் சிறு முக்கோண இடைவெளி சரியாக மூடிக்கொள்ள நாடாவின் அகலம், கடவைகளுக்கிடையிலான தூரத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு இருக்க வேண்டும். 3 செ.மீ.க்கு அது 1.73 செ.மீ. அதைத் தாண்டினால் நாடாக்கள் ஒன்றையொன்று நெரித்து மடங்கும். மிகவும் குறைந்தால் பந்து தளர்ந்து ஆடும். ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கு குறைவாக வெட்டுவது எப்போதும் பாதுகாப்பு.

ஆறு நாடாப் பந்துக்கும் இதே ஏ4 தாள்தான், ஆனால் இம்முறை நீளவாட்டில் வெட்ட வேண்டும். 29.7 செ.மீ. நீளத்தைப் பதினொன்றால் வகுத்தால் மிச்சமின்றி 2.7 வருகிறது. தாளை உண்டாக்கியவர்கள் இதை நினைத்து அளவு வைக்கவில்லை. ஆனாலும் எனக்கு இது ஒவ்வொரு முறையும் ஒரு சின்னச் சந்தோசம். 2.7ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.56; அகலம் 1.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் பதினான்கு நாடாக்கள், இரண்டு பந்துகளுக்குப் போதும். பத்துப் புள்ளிகள் வைத்து 1 முதல் 10 வரை இலக்கமிடுங்கள்.

ஐந்து நாடாக்களின் 5ஆம், 6ஆம் புள்ளிகளால் ஓர் ஐங்கோணக் கண்ணை அமையுங்கள். 4ஆம், 7ஆம் புள்ளிகள் சந்திக்கும்போது ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். அந்த ஐந்து முனைக்கும் கிளிப். இப்போது பத்துக் கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதுவரை தொடாத ஆறாவது நாடாவை எடுத்து, பூமத்தியரேகை போலச் சுற்றிலும் கொண்டுபோய், பத்துக் கைகளையும் அவற்றின் 3ஆம், 8ஆம் புள்ளிகளில் ஒன்றுவிட்டொன்று மேலும் கீழுமாகக் கடக்கச் செய்து வளையமாக மூடுங்கள். பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். நட்சத்திரம் தட்டையாகக் கிடக்க விரும்பும், வளையம் அதைக் கீழே இழுக்கும். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் சுலபம். வளையம் மூடியதும் பாதிப் பந்து தானாக நிற்கும். பிறகு கைகள் இரண்டிரண்டாக 2ஆம், 9ஆம் புள்ளிகளில் சந்திக்கும். கடைசியாக 1ஆம், 10ஆம் புள்ளிகள் அடியில் ஓர் ஐங்கோணத்தை முடிக்கும். அடி ஐங்கோணத்தின் பக்கங்கள்தான் நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடங்கள். ஒரு நாடாவின் இரு நுனிகளில், மேலே படியும் நுனி, இன்னொரு நாடா அதற்கு மேலாகக் கடக்கும் குறுக்கீட்டில் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது வெளியே ஒரு வெட்டு விளிம்பும் தெரியாது. முடிந்த பந்து கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுப் பெரிது, ஏறக்குறைய 8.6 செ.மீ. குறுக்கீடுகள் முப்பது, ஐங்கோணக் கண்கள் பன்னிரண்டு, மூடிய முக்கோணிகள் இருபது. பசை ஒரு துளியும் இல்லை. மேசையிலிருந்து விழுந்தால் துள்ளும்.

பிழை விடுவதற்கும் இடம் கொடுங்கள். ஒரு முறை ஒரு மாணவி எங்கோ ஒரு கண்ணை ஐந்துக்குப் பதில் ஆறால் சூழ்ந்துவிட்டாள். அந்த இடத்தில் பந்து குவிய மறுத்தது; விளிம்பு தட்டையாக ஓடியது; அவள் இறுக்க இறுக்க நாடா கிழிந்ததே தவிர உருவம் மூடவில்லை. அவளைக் கண்களை எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்ததும் எதுவும் சொல்லாமல் அவிழ்த்தாள். ஏழால் சூழ்ந்தால் இன்னும் வேடிக்கை: 60 பாகை கூடிவிடுவதால் அந்த இடம் குதிரைச் சேணம் போல ஒரு திசையில் மேலும் மறு திசையில் கீழுமாக வளையும். அப்படிப்பட்ட ஒரு துண்டை வேண்டுமென்றே இழைத்துக் கண்காட்சியில் பந்துக்குப் பக்கத்தில் வையுங்கள். குவிதல், தட்டை, சேணம் என்ற மூன்றும் 5, 6, 7 என்ற மூன்று எண்களிலிருந்து வருகின்றன என்பதைக் கையால் தொட்டு உணரலாம்.

ஆறுகளைச் சரியான இடத்தில் கலந்தால் பந்து பெரிதாகும், ஆனால் ஐந்துகள் பன்னிரண்டுதான் இருக்கும். அந்த எண்ணிக்கையை ஒருவராலும் மாற்ற முடியாது. கறுப்பு வெள்ளைக் காற்பந்தில் ஐங்கோணங்கள் பன்னிரண்டு, அறுகோணங்கள் இருபது. 60 காபன் அணுக்கள் இதே சட்டத்தில் அமைந்த மூலக்கூற்றை 1985இல் குரோட்டோ, கேர்ல், ஸ்மோலி ஆகியோர் கண்டறிந்து 1996இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சதுரமுகிக்கு வருவோம். ஏ4 தாளின் குறுக்கே 4 செ.மீ. அகலமான நாடாக்கள் வெட்டினால் ஏழு கிடைக்கும், 21 செ.மீ. நீளத்தில் ஒரு செ.மீ. நறுக்கி 20 ஆக்கி, ஐந்து சதுரங்களாக மடிப்புக்கோடு போடுங்கள். மூன்று நிறத்தில் மூன்று நாடாக்கள் வேண்டும். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று வைத்துக்கொள்வோம். சிவப்பை நான்கு பக்க வளையமாக்கி, ஐந்தாவது சதுரத்தை முதலாவதன் மேல் படியவிட்டு, அந்த இரட்டைப் பக்கம் வலப்புறம் இருக்குமாறும் முன்னும் பின்னும் திறந்திருக்குமாறும் நிறுத்துங்கள். வெள்ளையை அதற்கு வெளியே கிடையாகச் சுற்றுங்கள்: வலம், முன், இடம், பின். வெள்ளையின் இரட்டைச் சதுரம் முன்பக்கத்தில் வரட்டும். மிஞ்சியது பச்சை. அது நிலைக்குத்தாகப் போக வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைக்கு வெளியே, ஆனால் மேலும் கீழும் சிவப்புக்கு உள்ளே. முன்பக்கத்தின் மேல் விளிம்பில் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு பிளவு தெரியும். அதன் வழியே பச்சையைச் செருகிப் பின்பக்கம் எடுத்து, கீழே இறக்கி, அடிப்பக்கத்துச் சிவப்பின் உள்ளே இரு நுனிகளையும் ஒன்றின்மேல் ஒன்று மறைத்துவிடுங்கள். மேலும் கீழும் சிவப்பு, இடமும் வலமும் வெள்ளை, முன்னும் பின்னும் பச்சை. சிவப்பை வெள்ளை மூடுகிறது, வெள்ளையைப் பச்சை மூடுகிறது, பச்சையைச் சிவப்பு மூடுகிறது. ஆகவே மூன்றில் எதுவும் மற்ற இரண்டையும் விட்டு வெளியேற முடியாது. கடைசி நாடாவை மட்டும் அகலத்தில் ஒரு மயிரளவு சீவிவிட்டால் செருகும்போது சிக்காது. நம் ஊரில் பிள்ளைகள் விளையாடத் தென்னோலையில் பந்து என்று பின்னிக் கொடுப்பதும் உண்மையில் பெட்டி வடிவம்தான்.

இப்படி நாடாவால் திண்மங்கள் இழைக்கலாம் என்று முறையாக எழுதியவர் ஜோன் கோரம் என்ற ஆங்கிலேயர். பளிங்குகளின் வடிவங்களைக் காட்டுவதற்காக 1888இல் அதை வெளியிட்டார். தாள் மடிப்பை வடிவியல் பாடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் நம் மொழிப் பரப்புக்கு அண்மையிலேயே ஒருவர் இருந்தார்: சுந்தர ராவ் என்பவரின் நூல் 1893இல் சென்னையில் வெளியாயிற்று, அதை ஜெர்மானியக் கணிதர் பீலிக்ஸ் கிளைன் எடுத்துக் குறிப்பிட்டதால் மேற்கு நாடுகளிலும் பரவியது. அவர் பெரும்பாலும் தட்டை உருக்களோடு நின்றார் என்பது என் சிறு மனக்குறை.

முக்கோணி முகங்களுள்ள திண்மங்களுக்குச் சமபக்க முக்கோணிகளாக மடிந்த நாடா வேண்டும். பாகைமானியால் 60 பாகை அளந்து கோடு போடலாம். ஆனால் நாடாவின் ஒரு நுனியில் ஏற்படும் அரைப்பாகைப் பிழை அடுத்தடுத்த கோடுகளில் ஏறிக்கொண்டே போகும். பீற்றர் ஹில்ட்டன், ஜீன் பெடர்சன் என்ற இரு கணிதர்கள் பயன்படுத்திய முறை இதற்கு நேர்மாறானது, அளவுகோலே தேவையில்லாதது. நாடாவின் நுனியில் ஏதாவது ஒரு கோணத்தில் சாய்வாக ஒரு மடிப்புப் போட்டு விரியுங்கள். அம்மடிப்பு விளிம்பைத் தொடும் இடத்தில், நாடா நீண்டு செல்லும் பக்கத்துக் கோணத்தை, விளிம்பு மடிப்புக்கோட்டின்மேல் சரியாகப் படும்படி மடித்து இருகூறாக்குங்கள். புதிய மடிப்பு எதிர் விளிம்பைத் தொடும்; அங்கேயும் அதேபோல. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று போய்க்கொண்டேயிருங்கள். 45 பாகையில் தொடங்கினால் அடுத்தது 67.5, பிறகு 56.25, 61.88, 59.06, 60.47, 59.77, 60.12. ஒவ்வொரு மடிப்பிலும் பிழை பாதியாகிறது, அதனால் தொடக்கக் கோணம் என்னவாக இருந்தாலும் ஏழெட்டு மடிப்புக்குள் கண்ணுக்கு 60 ஆகிவிடும். முதல் சில முக்கோணிகளை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்துங்கள். மாணவர்களுக்குத் தொடரி, எல்லை என்ற சொற்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் இருக்கும்போதே, எல்லையை நோக்கிப் போகும் ஒரு தொடரி அவர்கள் விரலுக்குள் இருக்கும்.

இந்த நாடாவில் ஐந்து முக்கோணிகள் கொண்ட துண்டுகள் இரண்டால் நான்முகி செய்யலாம். ஒன்றை நான்முகியாகச் சுருட்டி ஐந்தாவதை முதலாவதன்மேல் படியவிடுங்கள். அதில் இரு எதிர் விளிம்புகள் மூடாமல் பிளவாக நிற்கும். மற்றத் துண்டை அந்தப் பிளவுகளை மூடும் திசையில் வெளியே சுற்றி, கடைசி முக்கோணியைப் பிளவு ஒன்றுக்குள் செருகினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். எண்முகிக்கும் இருபதுமுகிக்கும் இதே நாடா உதவும், ஆனால் அங்கே படலங்கள் கூடுவதால் சிறு கைகளுக்குக் கடினம். இவ்வகுப்பில் அதைத் தொடவேண்டாம்.

ஐங்கோணத்துக்கு ஒரு குறுக்குவழி. ஒரே அகலமான நாடா ஒன்றைச் சாதாரண முடிச்சாகப் போட்டு, மெதுவாக இழுத்து, நெளிவில்லாமல் தட்டையாக்கி அழுத்துங்கள். ஒழுங்கான ஐங்கோணம் கிடைக்கும். வாரிய பனையோலையிலும் இது வரும்.

நாடா வேண்டாம், மடித்த துண்டுகளைக் கோத்துச் செய்யத்தான் விருப்பம் என்றால் ஜப்பானியரான சொனொபே பெயரால் வழங்கும் அலகு போதும். சதுரத் தாள் ஒன்றை மடித்து, இரு நுனிகள் நாக்காகவும் நடுவே இரு பைகள் அமையுமாறும் செய்வதுதான் அலகு. ஓர் அலகின் நாக்கு மற்றதன் பைக்குள் போகும். மூன்று அலகுகள் சேர்ந்தால் ஒரு சிறு கூம்பகம். ஆறு அலகுகளால் சதுரமுகியும், பன்னிரண்டால் எண்முகியின் முகங்களில் கூம்பகங்கள் முளைத்த நட்சத்திரமும், முப்பதால் இருபதுமுகியில் முளைத்த நட்சத்திரமும் வரும். 6, 12, 30 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேளுங்கள்: நான்முகி, எண்முகி, இருபதுமுகி ஆகியவற்றின் விளிம்புகளின் எண்ணிக்கை அவை. சதுரமுகி எப்படி நான்முகியோடு சேர்ந்தது என்பதற்கு, நான்முகியின் நான்கு முகங்களிலும் செங்கோண உச்சியுள்ள கூம்பகம் வைத்தால் சதுரமுகியே வரும் என்பது விடை. முப்பது அலகுகளையும் மூன்று நிறங்களில் பத்துப் பத்தாக மடித்தால் ஒவ்வொரு கூம்பகத்திலும் மூன்று நிறமும் ஒரு தடவை வரும்படி கோக்க முடியும். அது நல்ல புதிர். பலர் பாதியில் அவிழ்ப்பார்கள். முப்பது அலகு மடிப்பது ஒருவருக்குச் சலிப்பு, ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஆளுக்கு ஐந்து.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரு திசையில் ஓடும். ஏ4 தாளில் அது பொதுவாக நீளவாட்டு. ஐயமிருந்தால் ஒரு சிறு சதுரத்தை ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள். சுருளும் குழலின் நீளம் நார் ஓடும் திசை. நாருக்கு இணையான மடிப்பு கூராக விழும், குறுக்கான மடிப்பு தடித்த தாளில் வெடிக்கும். சதுரமுகி நாடாக்களைத் தாளின் குறுக்கே வெட்டச் சொன்னது மடிப்புகள் நாருக்கு இணையாக வருவதற்காகவும்தான். ஆறு நாடாப் பந்தில் மடிப்பே இல்லை, நாடா வில் போல நிமிர்ந்து நிற்கவேண்டும், ஆகவே அங்கே நார் நீளவாட்டில் ஓடுவது நல்லது. பழகுவதற்கு 80 கிராம் தாளே போதும். காட்சிக்கு வைப்பவற்றை 120 முதல் 160 கிராம் வரையான நிறத்தாளில் செய்யுங்கள். பிறிஸ்டல் போட் சதுரமுகிக்குச் சரி, பந்துக்கு விறைப்பு மிஞ்சிவிடும். ஓலையை இழைப்பதற்கு முன் நனைத்துப் பதப்படுத்துவார்கள், தாளுக்கு அது நேர்மாறு. உங்கள் கண்காட்சி கார்த்திகை, மார்கழியில் வருமானால் தாளைப் பொலித்தீன் உறையில் சுற்றி வைத்து, வெட்டும் அன்றே இழைத்து முடியுங்கள். காலையில் வெட்டி வைத்த நாடா மாலைக்குள் வாடைக்காற்றில் சொதசொதத்துவிடும்.

ஒரு பாடவேளையில் நான்கு நாடாப் பந்து முடியும். முதல் தடவை வெட்டுவதையும் புள்ளியிடுவதையும் நீங்களே முன்கூட்டிச் செய்துவைத்தால்தான் முடியும். அடுத்த வேளையில் சதுரமுகி. ஆறு நாடாப் பந்துக்கு இரண்டு வேளைகள் ஒதுக்கி, பிள்ளைகளை இருவர் இருவராக இருத்துங்கள். ஆறு நாடாக்களுக்கும் ஆறு வேறு நிறம் கொடுப்பது முதல் பந்துக்கு மட்டும் போதும். எந்த நாடா எங்கே போகிறது என்று கண்ணுக்குப் பிடிபட்டபின் எல்லாவற்றையும் வெள்ளையில் செய்தால், நிழல் விழும் பன்னிரண்டு கண்களும் நிறக் குழப்பமின்றித் தெரியும். தொங்கவிடுவதானால் நூலை ஓர் ஐங்கோணக் கண்ணின் நடுவிலிருந்து இழுக்காமல், இரண்டு நாடாக்கள் கடக்கும் ஒரு குறுக்கீட்டைச் சுற்றி முடியுங்கள். அப்போது ஒரு நாடாவும் தனியாகப் பாரம் சுமந்து தளராது.